தாளை முடிவு செய்யுங்கள், அப்புறம் நிறத்தைப் பேசலாம்

முதன்முதலாக வண்ணப் புத்தகம் போடுகிறவர்கள், நிறங்களை அச்சுக்குத் தயார் செய்வது கம்ப்யூட்டரில் தொடங்குகிற வேலை என்றுதான் நினைக்கிறார்கள். படங்களைத் திறந்து, அச்சின் நான்கு மைகளைக் குறிக்கிற சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கி, பிடிஎஃப் எடுத்து அனுப்பிவிட்டால் மீதியை அச்சகம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்து அய்யனார் குதிரைகளைப் பற்றிய ஒரு படத்தொகுப்பை வடிவமைத்து சிவகாசியில் அச்சிட்டு முடித்தபோது, அந்த வேலையின் வரிசையே வேறு என்பது எனக்கு உறுதிப்பட்டது. முதலில் தாள். பிறகு அந்தத் தாளும் மெஷினும் சேர்ந்து எவ்வளவு மை தாங்கும் என்ற கணக்கு. அதற்கும் பிறகுதான் படம். சிறு பதிப்பாளர்களும் புகைப்படக்காரர்களும் இதைப் பற்றித் தொடர்ந்து கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அய்யனார் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடக்கமான நிறம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சுட்ட மண்ணின் செம்மையோடு காட்டுக்குள் நிற்கும் பழைய புரவிகள் ஒரு பக்கம். எனாமல் பெயின்ட் பூசிய சுதைக் குதிரைகள் இன்னொரு பக்கம்: பளீர் நீலம், கிளிப்பச்சை, ராணி பிங்க், காவி. குளமங்கலத்தில் மாசி மகத்தன்று அந்த நெடிய குதிரைக்குச் சாத்துகிற காகிதப்பூ மாலைகளின் நிறங்களை நேரில் பார்த்துவிட்டு வந்தால், தாளில் அவற்றைப் பிடிக்கவே முடியாதோ என்று மலைப்பாக இருக்கும். அந்த மலைப்பில் நியாயம் உண்டு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. ஆஃப்செட் மெஷினில் சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகள்தான், அவையும் தாளின் வெண்மையை மறைத்துத்தான் நிறம் காட்டும். தாளின் வெள்ளையைவிட வெளிச்சமான ஒன்றை அச்சில் கொண்டுவர வழியே இல்லை. அதனால்தான் தாளை முதலில் சொல்கிறேன்.

படம் எடுத்த நண்பருக்கு, கோட்டிங் இல்லாத, லேசாகப் பழுப்பேறிய தாள் மீது ஆசை. "தம்பி, தொட்டுப் பாருங்க, மண்ணு மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது உண்மை. மண் புரவிகளுக்கு அதைவிடப் பொருத்தமான தாள் கிடையாது. ஆனால் கோட்டிங் இல்லாத தாள் மையைக் குடிக்கும், புள்ளிகள் பரவும், காய்ந்த பிறகு நிறம் இன்னும் ஒரு படி இறங்கும். பேசித் தீர்க்க முடியாத விஷயம் இது. ஒரே பக்கத்தில் மண் புரவி, நீலக் குதிரை, ஒரு முகம், ஓர் இரவுக் காட்சி என நான்கு படங்களை வைத்து, இரண்டு தாளுக்கும் தனித்தனியாக மாற்றி, கோட்டிங் இல்லாத மேப்லித்தோவிலும் கோட்டிங் உள்ள மேட் ஆர்ட் பேப்பரிலும் அச்சிட்டுக் கேட்டோம். அதே மெஷினில் வேறு வேலை ஓடும்போது ஓரத்தில் இடம் இருந்தால் இப்படி ஒரு சோதனையைச் சேர்த்து ஓட்டித் தருவார்கள், கேட்டால் போதும். மேப்லித்தோவில் மண் புரவி அற்புதமாக வந்தது. நீலக் குதிரை வெளுத்த ஜீன்ஸ் துணி போலாகிவிட்டது. நண்பரே பார்த்துவிட்டு 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேட் ஆர்ட்டுக்குச் சம்மதித்தார். கட்டுரைப் பகுதியை மட்டும் தனி ஃபாரமாக (ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) பிரித்து அவருக்குப் பிடித்த தாளிலேயே அடித்தோம்.

தாள் முடிவானதும் அச்சகத்திடம் கேட்க வேண்டியது மூன்றே விஷயம். எந்த ஐசிசி புரொஃபைலுக்கு மாற்றித் தர வேண்டும்? இந்தத் தாளில் மொத்த மை, அதாவது நான்கு மைகளின் சதவீதக் கூட்டல், அதிகபட்சம் எத்தனை? நிறத்துக்குப் பொறுப்பேற்கிற புரூஃப் (அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரித் தாள்) தருவீர்களா? புரொஃபைல் என்பது, இன்ன தாளில் இன்ன தரத்தில் ஓடும் மெஷினில் இந்த மை அளவு இந்த நிறமாகத் தெரியும் என்று அளந்து எழுதிவைத்த கோப்பு. எங்களுக்கு வந்த பதில்: ஃபோக்ரா 39, மொத்த மை 300-ஐத் தாண்ட வேண்டாம், புரூஃப் உண்டு. கோட்டிங் உள்ள தாளுக்கு நம் ஊரில் அதிகம் கேட்கிற பெயர் ஃபோக்ரா 39தான். அதற்கு அடுத்து வந்தது ஃபோக்ரா 51. இப்போதைய வெள்ளைவெளேர் ஆர்ட் பேப்பர்களில் இருக்கிற வெண்மையூட்டிகளையும் அது கணக்கில் எடுக்கிறது. கோட்டிங் இல்லாத தாளுக்கு ஃபோக்ரா 52. அச்சகம் எதைச் சொல்கிறதோ அதுதான் சரி. புதியது என்பதற்காக நாமாக ஒன்றை வைக்கக் கூடாது.

"எதுல வேணாலும் குடுங்க, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அப்படிச் சொல்கிற இடத்திலும் நல்ல வேலை நடக்கலாம். ஆனால் அவர்கள் முன்பு அடித்த வண்ணப் புத்தகம் ஒன்றையாவது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கேட்காமலே விட்டால் பெரும்பாலும் நடப்பது இது: அடோபி மென்பொருள்கள் வட அமெரிக்க அமைப்பில் தானாக வைத்திருக்கிற ஸ்வாப் புரொஃபைலிலேயே எல்லாம் மாறிப் போகும். அது அமெரிக்கப் பத்திரிகைகள் அச்சாகிற, சுருள் தாளில் ஓடும் வெப் ஆஃப்செட்டை மனதில் வைத்து உருவானது. சிவகாசியில் தாள் தாளாக ஓடும் ஷீட் ஃபெட் மெஷினில் ஆர்ட் பேப்பரில் ஓடப்போகிற புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படங்களைக் கடைசிவரை ஆர்ஜிபியிலேயே, அதாவது கேமராவும் திரையும் பயன்படுத்துகிற சிவப்பு-பச்சை-நீல முறையிலேயே, வைத்திருங்கள். சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிய நிமிடத்தில், அந்தத் தாளுக்கு எட்டாத நிறங்கள் கழிந்துவிடும். பிறகு தாளை மாற்றினாலும் அவை திரும்ப வராது. ஆர்ஜிபி படத்தை வைத்துக்கொண்டே அச்சில் எப்படி வரும் என்று பார்க்க ஃபோட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் 'புரூஃப் கலர்ஸ்' இருக்கிறது. அதில் அச்சகம் சொன்ன புரொஃபைலைக் கொடுத்து, தாளின் வெண்மையையும் காட்டச் சொல்லும் 'சிமுலேட் பேப்பர் கலர்' பெட்டியில் டிக் செய்யுங்கள். படம் சட்டென்று மங்கும், நெஞ்சு பதறும். அந்த நேரம் திரையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிவிட்டு, சில நொடி கழித்துப் பாருங்கள். கண் பழகியதும் தெரிகிற படம்தான் ஏறக்குறைய தாளில் வரப்போகிற படம். இதெல்லாம் பலிக்க வேண்டுமென்றால் மானிட்டர் கேலிபரேட் (நிறத்தை அளந்து சரிசெய்வது) செய்யப்பட்டிருக்க வேண்டும், வெளிச்சமும் 100, 120 கேண்டெலா அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த மானிட்டர்கள் இதைவிட நன்றாகவே பிரகாசமாக இருக்கும். 'அச்சில் இருட்டாகிவிட்டது' என்று வருகிற புகார்களில் பாதி இந்த இடத்தில் தொடங்குவதுதான்.

எனாமல் நிறங்களுக்கு வருகிறேன். மெனக்கெட்டது இதில்தான். பொதுவான படங்களை ஆர்ஜிபியிலேயே வைத்து, திரையில் 'புரூஃப் கலர்ஸ்' பார்த்துச் சரிசெய்தோம். சில படங்களை மட்டும் அதே புரொஃபைலுக்கு மாற்றி, ஒவ்வொரு மையாகத் திறந்து கை வைக்க வேண்டியிருந்தது. நீலக் குதிரை அதில் முதல். பளீர் நீலம் தானாக மாறும்போது சயானும் மஜந்தாவும் கிட்டத்தட்ட சம அளவில் வந்து நிற்கும். தாளில் அது நீலமாக இருக்காது, கத்தரிப்பூ நிறமாகச் சாய்ந்துவிடும். நீலத்தில் மஜந்தா எப்போதும் சயானைவிட 30 சதவீதப் புள்ளியாவது கீழே இருக்க வேண்டும். குதிரையின் கழுத்துப் பகுதியில் சயானை 100-க்கு ஏற்றி, மஜந்தாவை 65-க்கு இறக்கினோம். கோயிலில் பார்த்த நீலம் அது இல்லைதான், ஆனால் பார்க்கிறவர் நீலக் குதிரை என்று சொல்வார். கிளிப்பச்சையில் சிக்கல் வேறு: சயான் 65, மஞ்சள் 100 என்று சுத்தமாக நிற்க வேண்டிய இடத்தில் மஜந்தா 10, 12 என்று ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கொஞ்சம் மஜந்தாவே பச்சையை அழுக்காக்கிவிடும். காவிக்கு எதிரி சயான். மஜந்தா 60, மஞ்சள் 100 உள்ள இடத்தில் சயான் 8 இருந்தால்கூட நிறம் செத்துப்போகும். ராணி பிங்க் மட்டும் தொல்லை தரவில்லை, மஜந்தா மையே கிட்டத்தட்ட அந்த நிறம்தான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாத நிறத்தை எட்டவைக்க, படம் முழுவதையும் ஏற்றுகிற பழக்கம் நம் ஊரில் நிறையவே இருக்கிறது. அதனால் பலன் கிடையாது. ஒரு நிறம் பளிச்சென்று தெரிய அதன் பக்கத்தில் இருப்பது அடங்கியிருக்க வேண்டும். நீலக் குதிரைக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தின் பச்சையை லேசாகத் தணித்ததும், அந்த நீலத்தைத் தொடாமலே அது முன்னால் வந்து நின்றது.

முகங்கள். இந்தப் புத்தகத்தில் புரவியெடுப்பின்போது எடுத்த படங்கள் நிறைய உண்டு. மண் குதிரைகளைத் தோளில் சுமந்து போகிறவர்கள், சாமியாடிகள், குதிரைகளைச் செய்து அய்யனாருக்குப் பூசையும் வைக்கிற வேளார்கள். எல்லாரும் வெயிலில் கறுத்த மேனிக்காரர்கள். அச்சில் நம் மக்களின் தோல் நிறம் இரண்டு விதமாகக் கெடுகிறது. மஜந்தா ஏறிச் செங்கல் நிறமாகும், அல்லது கறுப்பு மை ஏறிச் சாம்பல் பூத்தது போலாகும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அது வேண்டுமென்றே செய்வது: முகத்தை வெளுப்பாக்குவது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. ஒரு மனிதரின் நிறத்தை மாற்றி அச்சிட்டு அவர் கையிலேயே புத்தகத்தைக் கொடுப்பது மரியாதை ஆகாது.

தோலுக்கு நான் பார்க்கிற கணக்கு எளிது. முகத்தில் நேர் வெளிச்சமும் ஆழ்ந்த நிழலும் இல்லாத ஓர் இடத்தில், கன்னத்திலோ நெற்றியோரத்திலோ, எண்களை எடுத்துப் பார்ப்பேன். மஞ்சள் மஜந்தாவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். சயான் மஜந்தாவில் பாதிக்கு மேல் போகலாம், கறுத்த மேனிக்கு அது தேவையும்கூட. ஆழத்தைக் கொடுக்க வேண்டியது சயான், கறுப்பு மை நிழலில் மட்டும் வேலை செய்தால் போதும். ஒரு மூத்த வேளாரின் முகம், புத்தகத்தில் முழுப் பக்கம் வருகிற படம், தானாக மாறியபோது கன்னத்தில் மஜந்தா 68, மஞ்சள் 62 என்று வந்தது. மஞ்சளை மேலே கொண்டுவந்து மஜந்தாவை 60-க்குக் கீழே இறக்கியதும் அந்தச் செங்கல் தன்மை போய், அவருடைய சொந்த நிறம் வந்தது. கையில் ஒட்டியிருந்த களிமண்ணும் தோலும் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்கு முன்னால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

இரவுக் காட்சிகளில் பார்க்க வேண்டியது மொத்த மை. ஓர் இடத்தில் விழுகிற நான்கு மைகளின் சதவீதத்தைக் கூட்டினால் வருவது அது. தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களில் முக்கால்வாசி இருட்டு. அந்த இருட்டு 300-ஐத் தாண்டினால் மை சீக்கிரம் காயாது, அடுக்கி வைத்த தாளில் மேல் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சயான் 60, மஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கூட்டினாலே 240-தான், அதுவே கண்ணுக்கு அடர்ந்த கறுப்பு. பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் திறந்து 'அவுட்புட் பிரிவியூ'வில் 'டோட்டல் ஏரியா கவரேஜ்' 300 என்று கொடுத்தால், தாண்டிய இடங்களை நிறம் போட்டுக் காட்டிவிடும். எல்லாப் பக்கத்தையும் இப்படிப் புரட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

எழுத்துக்கு வருவோம். தமிழ் எழுத்து அச்சில் நுணுக்கமானது. ஞ, ஜ, ணை போன்றவற்றின் உள்சுழிகள் சிறிய அளவில் மயிரிழையாக நிற்கும். அந்த எழுத்து கறுப்பு மை ஒன்றால் மட்டும் அச்சாக வேண்டும். வேர்டில் அடித்த பிரதியை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் அதன் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு. மாற்றும்போது அது நான்கு மையாகப் பிரியும். மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டில் (அச்சுத் தகட்டில்) ஒன்று இம்மி நகர்ந்தாலும் ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் ஒரு வண்ண நிழல். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து நீளும், அப்போது நகராமல் இருக்காது. ஆகவே இன்டிசைனில் எழுத்துக்கு அதன் சொந்த 'பிளாக்' நிறத்தையே கொடுங்கள், வண்ணக் கட்டங்களின் மேல் வரும் எழுத்து ஓவர்பிரின்ட் ஆகிறதா, அதாவது கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகிறதா என்றும் பாருங்கள். இருண்ட படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைக்கத் தோன்றும். பெரிய தலைப்பென்றால் வையுங்கள். படக்குறிப்பை அப்படி வைத்தால் சுற்றியிருக்கிற நான்கு மையும் உள்ளே வழிந்து சுழிகளை அடைத்துவிடும். நாங்கள் குறிப்புகள் எல்லாவற்றையும் படத்துக்கு வெளியே வெள்ளையில் கொண்டுவந்துவிட்டோம்.

பிடிஎஃப் எடுக்கும்போது 'கன்வர்ட் டு டெஸ்டினேஷன்' என்பதில் 'பிரிசர்வ் நம்பர்ஸ்' என்று அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆர்ஜிபி படங்கள் மட்டும் மாறும். கை வைத்துச் சரிசெய்த சிஎம்ஒய்கே படங்களும் தனிக் கறுப்பு எழுத்தும் அப்படியே போகும். அதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டு, ஏற்கெனவே வேறு புரொஃபைலில் இருந்த பக்கத்தை மறுபடி மாற்றினால், எழுத்தின் கறுப்பு திரும்பவும் நான்காகப் பிரியும். அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் அச்சகம் பிடிஎஃப்/எக்ஸ்-4 கேட்டால் அது, எக்ஸ்-1ஏ கேட்டால் அது. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம், அச்சாகும் அளவில் 300 டிபிஐ என்பதெல்லாம் எல்லாரும் அறிந்ததுதான்.

புரூஃப் என்று ஆபீஸ் லேசர் பிரின்டரில் எடுத்த தாளை நீட்டினால் அதைப் பக்க வரிசை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு வேண்டியது, அதே புரொஃபைலில் அளந்து எடுத்த இங்க்ஜெட் புரூஃப். ஓரத்தில் சிறு சிறு வண்ணக் கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்று அச்சாகியிருக்கும், அதை வைத்துத்தான் அளப்பார்கள். எல்லாப் பக்கத்துக்கும் எடுக்கச் செலவாகும். கஷ்டமான பக்கங்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். எங்களுக்கு நீலக் குதிரை, வேளார் முகம், இரவு, மண் புரவி. அதை 5000 கெல்வின் விளக்கடியில் பாருங்கள். சாதாரண டியூப்லைட்டிலும் ஜன்னல் வெளிச்சத்திலும் ஒரே தாள் இரண்டு விதமாகத் தெரியும். அப்போது யார் சொல்வது சரி என்ற வாக்குவாதத்துக்கு முடிவே இருக்காது.

கடைசியாக, மெஷினில் முதல் தாள் விழும்போது கூட நிற்பது. இதற்கு நேரம் ஒதுக்குங்கள், வேறு எதை விட்டாலும். மை ஏற்றி இறக்குகிற சாவிகள் மெஷினின் அகலவாக்கில் வரிசையாக இருக்கின்றன. தாள் ஓடுகிற திசையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற பக்கங்கள் எல்லாம் அதே சாவிகளின் மையைத்தான் வாங்கும். ஒரு ஃபாரத்தில் சிவப்புக் குதிரைக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா என்று நான் கேட்டபோது, மெஷின் ஓட்டியவர் தாளில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினார். "ஏத்தலாம் சார். ஆனா இந்த லைன்ல பெரியவர் முகம் இருக்கு பாருங்க, அவரும் சேர்ந்து செவந்துருவாரு." வேண்டாம் அண்ணாச்சி, முகம்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டேன். ஃபாரத்தில் பக்கங்கள் எப்படி அமரும் என்ற வரைபடத்தை முன்பே வாங்கிவிட்டால் இந்த முடிவுகளை வடிவமைப்பின்போதே எடுக்கலாம். அடுத்து வந்த ஃபாரங்களில் முகங்கள் உள்ள பக்கங்களும் அடர்சிவப்புப் பக்கங்களும் ஒரே வரிசையில் விழாதபடி சில படங்களை இடம் மாற்றினோம்.

சிவகாசி மெஷின்காரர்களின் கண் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடித்த ஊர், நிறத்தை ஏற்றிக் காட்டுவது அந்த ஊரின் கைப்பழக்கம். சாமி படத்துக்கு அது அழகு. நமக்கு வேண்டியது வேறு என்றால், "புரூஃபுக்குச் சமமா நிறுத்துங்க அண்ணாச்சி, அதுக்கு மேல வேண்டாம்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் இம்மி பிசகாமல் நிறுத்துவார்கள். ஒத்துப்போன தாளில் கையெழுத்துப் போட்டு மெஷின் பக்கத்திலேயே வைத்துவிட்டால், அந்த ஃபாரம் முடியும்வரை அதுதான் அளவு.

அட்டைக்கு மேட் லேமினேஷன் என்றால், ஒட்டியதும் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், நிறங்கள் அடங்கும். அதை எதிர்பார்த்தே அட்டைப் படத்தின் நிழல்களை ஆழமாக வைத்திருந்தோம். அச்சடித்த அட்டையில் ஒரு துண்டுக்கு லேமினேஷன் ஒட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தோம், சரியாக இருந்தது.

வேலை முடிந்ததும் கையெழுத்திட்ட தாள்களில் ஒரு செட், புரூஃப்கள், தாளின் பிராண்டும் ஜிஎஸ்எம்மும் எழுதிய குறிப்பு, ஆர்ஜிபி மூலப் படங்கள், எல்லாவற்றையும் ஒரே உறையில் பதிப்பகத்தில் வைத்தோம். இரண்டாம் பதிப்பு வரும்போது அதே தாள் சந்தையில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தாளுக்கு என்ன புரொஃபைல் என்று அச்சகத்தைக் கேட்டு, ஆர்ஜிபி கோப்புகளிலிருந்து மறுபடி மாற்ற வேண்டும். பழைய பிடிஎஃப்பை அப்படியே பிளேட்டுக்கு அனுப்பச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், வேளார் முகம் உள்ள பக்கத்தை மட்டுமாவது புதுத் தாளில் புரூஃப் எடுத்துப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.